குறைந்த செலவில் பிக்கப் சஸ்பென்ஷன்: எங்கே காசு போடுவது, எங்கே போடக்கூடாது

பெங்களூரில் இருந்துகொண்டு தளி, அஞ்செட்டி, கனகபுரா பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருப்பவர்கள், சனி ஞாயிறு ஆனால் மண்பாதை தேடிக் கிளம்புபவர்கள், இவர்களில் பலர் பிக்கப்போ ஜீப்போ வாங்கின கையோடு கேட்கிற முதல் கேள்வி "எத்தனை இன்ச் ஏத்தலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் ஓட வேண்டும், உள்ளே இருப்பவர் முதுகு தப்ப வேண்டும், பிரேக் மிதித்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் செலவு செய்தபிறகு கையில் மிச்சம் இருந்தால் உயரத்தைப் பற்றிப் பேசலாம். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலியக் கம்பெனி கிட் முழுசாகப் போட்டால் அருமையாகத்தான் இருக்கும், ஆனால் வண்டியைப் பொறுத்து பில் லட்சத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு போட முடியாதவர்களுக்காக, எந்த வரிசையில் செய்தால் போட்ட காசு வீணாகாது என்று எழுதுகிறேன்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாருதி ஜிப்ஸி என்றால் நான்கு மூலையிலும் லீஃப் பட்டைதான் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டின ஸ்பிரிங்), முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. 2010-இல் வந்த பழைய மஹிந்திரா தார் ஜீப் என்றால் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் இரும்புத் தண்டு), பின்னால் பட்டை. பொலேரோ, இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மூன்றிலும் முன்னால் காயில் ஸ்பிரிங் (சுருள்), பின்னால் பட்டை. 2020-இல் வந்த தாரில் நான்குமே காயில். இது ஏன் முக்கியம் என்றால், பட்டைக்கட்டை உள்ளூர்ப் பட்டறையிலேயே பிரித்து, சுத்தம் செய்து, ஒரு பட்டை கூட்டிக் குறைத்து நிறைய செய்ய முடியும். காயிலில் அந்த வசதி கிடையாது, பிடிக்கவில்லை என்றால் வேறு ஸ்பிரிங்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நேர் ஆக்ஸில் வண்டியில் பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும், ஆக்ஸிலின் நடுவில் பல்சக்கரங்களோடு தொங்கி, கல்லில் முதலில் இடிக்கிற அந்த டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதன் உயரம் டயரைப் பொறுத்தது மட்டுமே. டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் உருண்டை 1 அங்குலம் மேலே வரும், அவ்வளவுதான் கணக்கு. லிஃப்ட் போட்டால் சேஸிஸும் பாடியும்தான் உயரும். அதனால் பம்பர் மேட்டில் தட்டாமல் இருக்கும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். உங்கள் பிரச்சினை அதுதானா என்று யோசித்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

அளவெடுத்துக் குறித்து வையுங்கள்

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் மாதிரி சமதரை இருந்தால் போதும். டேங்க் நிறைய டீசல், நான்கு டயரிலும் சரியான காற்று, நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற சாமான் பின்னால். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டையோ காயிலோ தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்தே இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் முனை. பட்டையின் கண்ணில் (முனைத் துளையில்) இருக்கும் ரப்பர் புஷ்ஷையும், ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) புஷ்ஷையும் ஒரு கடப்பாரை கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து ஒரு பக்கமாக ஒதுங்கி, உள்ளே இருக்கும் உருளை நடுவில் இல்லாமல் இருந்தால் அது போய்விட்டது. ஷாக்கின் (ஸ்பிரிங் துள்ளாமல் அடக்கும் ஷாக் அப்சார்பர்) வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதுவும் போய்விட்டது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். கல்லையோ ஹாலோ பிளாக்கையோ ஸ்டாண்டாக வைக்கவே வைக்காதீர்கள், பாரத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பழைய வண்டியில் பாதிக் குறை இங்கேயே தெரிந்துவிடும். "சஸ்பென்ஷன் ரொம்ப முரட்டுத்தனம்", "ஹம்ப்பில் ஏறினால் டமடம" என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் இந்தப் புஷ்தான் தேய்ந்திருக்கும். சில நூறு ரூபாய் சாமான், கூலி தனி. டை ராட் முனை, பால் ஜாயின்டுக்கு ரானே மாதிரி கம்பெனிகளுக்கே சாமான் செய்து கொடுக்கும் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். பாலியூரிதேன் புஷ் போடச் சொல்பவர்கள் உண்டு. அது நாள் உழைக்கும், ஆனால் ரப்பரைவிட அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். தினமும் வெளிவட்டச் சாலையில் ஓட்டுகிற வண்டி என்றால் கம்பெனி ரப்பர் புஷ்தான் என் தேர்வு.

இங்கே பட்டறைகள் அடிக்கடி விடுகிற ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். ரப்பர் புஷ் மாற்றும்போது, வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். அப்படி இறுக்கினால் சக்கரம் தொங்குகிற கோணத்தில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அழுத்தி விட்டு, சக்கரத்தில் முழு பாரம் உட்கார்ந்த நிலையில் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் வேலைக்கு முன்னாலேயே "அண்ணா, ஷாக்கிள் போல்ட் கீழ இறக்கிட்டு டைட் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், விஷயம் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று இன்னும் கவனமாகச் செய்வார்.

காசே இல்லாத அப்கிரேடு: காற்று

டயரும் ஒரு ஸ்பிரிங்தான், கல்லில் படும் முதல் அடியை வாங்குவது அதுதான். தார் ரோட்டில் 32, 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரை, மண்பாதையும் கற்பாதையும் ஆரம்பிக்கிற இடத்தில் 22 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். வண்டியே மாறினது போல இருக்கும். சக்கரம் கல்லைச் சுற்றி வளைந்து பிடிக்கும், ஷாக்குக்கு வேலை குறையும், பிடிமானம் கூடும். ஆழமான சேறு, மணல் என்றால் 18 வரைகூடப் போகலாம், ஆனால் அந்த அளவில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், சட்டென்று ஸ்டியரிங் ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். பின்னால் பாரம் ஏற்றியிருந்தால் இவ்வளவு இறக்கக்கூடாது. திரும்பி தார் ரோடு ஏறுவதற்கு முன்னால் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும், காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும். ஒரு நல்ல பிரஷர் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று, இரண்டும் வாங்கினால் போதும். லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியவை இவை.

அதோடு, வண்டியில் தேவையில்லாத பாரத்தைக் கழற்றுங்கள். கனத்த இரும்பு பம்பர், மேலே கேரியர், அதில் எப்போதும் ஏறியிருக்கும் ஜெர்ரி கேன் எல்லாம் ஸ்பிரிங் தூக்க வேண்டிய சுமைதான்.

பட்டைக்கட்டு

பட்டை வண்டிக்காரர்களுக்குக் காசுக்கு அதிகப் பலன் கிடைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பல வருடம் சேற்றில் ஓடிய கட்டில் பட்டைக்குப் பட்டை துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டியவை நகராமல் ஒரே இரும்புக் கட்டையாக நின்றால், சின்ன மேட்டுக்கெல்லாம் வண்டி தூக்கிப் போடும். கட்டை இறக்கிப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ஒவ்வொரு பட்டையின் முனையும் மேலே உள்ள பட்டையில் குழி தோண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் சென்டர் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், பட்டை பெரும்பாலும் அங்கேதான் உடையும். விரிசல் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது, வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய் அடுத்த பள்ளத்தில் அங்கேயே முறியும். சரியாக இருக்கும் பட்டைகளுக்கு கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் நைலான் துண்டு வைக்க இடமிருந்தால் வைத்து, புது சென்டர் போல்ட் போட்டுக் கட்டுங்கள். கட்டை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டையும் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை முழுசாக இறுக்கி இழுபட்டது மறுபடி அதே பிடி கொடுக்காது.

கட்டு தொய்ந்து வளைவே போய்விட்டது என்றால் இரண்டு வழி. ஒன்று, பட்டறையில் வளைவு எடுப்பது. குளிர்ந்த நிலையில் சுத்தியல் போட்டு வளைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி தொய்யும். உலையில் காய்ச்சி வளைத்தால், திரும்ப எண்ணெயில் தோய்த்துப் பதம் வைக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் மெல்லிரும்பாகிவிடும். அந்த வசதி உள்ள ஸ்பிரிங் பட்டறைதானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது வழி, புதுக் கட்டு. ஜம்னா ஆட்டோ மாதிரி நம் நாட்டுக் கம்பெனிக் கட்டுகள் இறக்குமதிக் கட்டுகளோடு பார்த்தால் மலிவு. வண்டி பாரம் ஏற்றுவது என்றால் யோசிக்காமல் இந்த வழிக்கே போங்கள்.

ஒரு பட்டை கூடுதலாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் கணக்குத் தெரிந்து போடுங்கள். ஒரே தடிமனில் 5 பட்டை உள்ள கட்டில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். தடிமனை மாற்றினால் கதையே வேறு, ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 7 மி.மீ. பட்டைக்குப் பதிலாக 8 மி.மீ. போட்டால் பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர்தான், அந்தப் பட்டையின் விறைப்போ கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடிவிடும். கடைக்காரர் "இது கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று தடித்த பட்டையை எடுத்து வைத்தால் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். தினமும் காலியாக ஓடும் பிக்கப்பில் அப்படிப் போட்டால் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும், ஈர ரோட்டு வளைவில் பின் சக்கரம் வழுக்கும். காலி வண்டி மெத்தென்று இருக்கட்டும் என்று பட்டையைக் கழற்றுவது இதற்கு நேர் எதிர்த் தவறு, ஒரு நாள் சிமெண்ட் மூட்டை ஏற்றும்போது ஆக்ஸில் போய் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) உட்கார்ந்துவிடும். பாதி நாள் காலி, பாதி நாள் பாரம் என்றால் கம்பெனிக் கட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு நல்ல ஷாக் போடுவதுதான் சரி.

நீளமான ஷாக்கிள் போட்டு ஏற்றுவது மலிவான வழி. 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் போட்டால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். ஜிப்ஸி மாதிரி முன்னாலும் பட்டை உள்ள வண்டியில் இது காஸ்டர் கோணத்தை (ஸ்டியரிங்கை நேராக நிலைநிறுத்தும் சாய்வு) மாற்றிவிடும், வேகத்தில் ஸ்டியரிங் நிலைகொள்ளாமல் அலையும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளாக் வைப்பது பின்பக்கம் மட்டும்தான், அதுவும் ஒரே பிளாக். முன்பக்கம் வைக்கவே கூடாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. ஜிப்ஸியில் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிக் கட்டும் வேலையைப் பற்றி இங்கே பேசவில்லை. ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம், பிரேக் ஹோஸ் என்று அதன் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதையெல்லாம் கூட்டினால் அது குறைந்த செலவே இல்லை.

முன்பக்கம்

பழைய தாரில் டார்ஷன் பார் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும், செலவு அலைன்மென்ட் மட்டும்தான். அதனாலேயே ஆளுக்கு ஆள் திருகிவிடுகிறார்கள். திருகினால் பார் விறைப்பாவதில்லை, வண்டி நிற்கிற உயரம் மட்டும்தான் மாறுகிறது. மேலே ஏற்றின அளவு, சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்கும் இடம் குறைகிறது. அதோடு ஆக்ஸில் ஷாஃப்ட்டில் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட், பால் ஜாயின்ட் இரண்டும் கோணலாகவே நின்று ஓடும், சீக்கிரம் தேயும். தொய்ந்துபோனதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரத் திருகுங்கள், அதற்குமேல் 1 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். திருகுவதற்கு முன்னால் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி, இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள்.

காயில் வண்டியில் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் கட்டை) வைப்பதும் இதே மாதிரிதான், உயரம் வரும், ஓட்டம் நன்றாகாது. காசு சேர்த்து ஸ்பிரிங்கே மாற்றுவதானால் கம்பியின் தடிமனைப் பாருங்கள், இங்கே விறைப்பு தடிமனின் நான்மடிப் பெருக்கத்தில் ஏறும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. என்றால் 30 சதவீதத்துக்கு மேல் விறைப்பு கூடும். முன்னால் வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கருவி) இரும்பு பம்பரும் இல்லாத வண்டிக்கு அந்த விறைப்பு தேவையே இல்லை. காயிலைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கையோ முகமோ போகும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சரியான கம்ப்ரசர் உள்ள பட்டறையில் விடுங்கள்.

ஷாக்: பெரிய செலவை இங்கே வையுங்கள்

மொத்தத்தில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் நல்ல காசு போட முடியும் என்றால் அது ஷாக்காகத்தான் இருக்க வேண்டும். அடியைத் தாங்குவது ஸ்பிரிங், தாங்கினபிறகு துள்ளாமல் அடக்குவது ஷாக். தோசைக்கல் மாதிரி சூடாகும் அளவுக்கு அதற்கு வேலை இருக்கிறது. நீளமான குலுங்கு பாதையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஷாக்கைத் தொட முடியாது. சாதாரண எண்ணெய் ஷாக்கில் அந்தச் சூட்டில் எண்ணெய் நுரைத்து, அடக்கும் சக்தியே போய்விடும். நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக்கில் நுரை கட்டுப்படும். எனவே பெயர் எதுவானாலும், முடிந்தவரை வாயு ஷாக்காக வாங்குங்கள். கேப்ரியல், மன்றோ முதல் தாய்லாந்து புரோஃபெண்டர், ஜெர்மன் பில்ஸ்டீன் வரை விலை ஏறிக்கொண்டே போகும். உயரம் ஏற்றாத வண்டிக்கு உங்கள் வண்டிக்கென்றே வரும் வாயு ஷாக் தாராளமாகப் போதும்.

வாங்கும் முன் ஒரு சின்ன வேலை. இப்போது இருக்கும் ஷாக்கின் பளபளப்பான தண்டு வெளியே தெரிகிற மாதிரி இருந்தால், அதில் ஒரு கேபிள் டையைக் கட்டி, உடலோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வாருங்கள். டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. அது முழு நீளத்துக்கும் போயிருந்தால் உங்களுக்குப் பம்ப் ஸ்டாப்போ ஸ்பிரிங்கோதான் பிரச்சினை. பாதி தூரம்கூடப் போகவில்லை என்றால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பு. இந்த ஒரு ரூபாய் டை சொல்வதைப் பார்த்துவிட்டு எதை மாற்றுவது என்று முடிவெடுங்கள்.

நீளம் முக்கியம். ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும்போது ஷாக் இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷாக்கே ஸ்டாப்பாகி உள்ளே உடையும். அதேபோல் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது இழுபட்டு முட்டக்கூடாது. ஒரு ஆக்ஸிலுக்கு இரண்டாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்று விடாதீர்கள். ட்வின் ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள) ஷாக்காக இருந்தால் மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். தேய்ந்துபோன பம்ப் ஸ்டாப் ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

உயர்த்தியே ஆக வேண்டும் என்றால்

பின்பக்கம் லோடு சென்சிங் பிரேக் வால்வு உள்ள வண்டிகளில், ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வைத்துத்தான் அது பாரத்தைக் கணக்கிடும். வண்டியை உயர்த்தினால் பின்னால் காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்த இணைப்புக் கம்பியைச் சரிசெய்யாமல் ஹோசூர் ரோட்டில் ஏறாதீர்கள். சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து டயர் எங்கேயும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. தேய்ந்த புஷ், ஷாக், பட்டையை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. உயரமும் டயர் அளவும் மாறும்போதுதான் கேள்வி வருகிறது. ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாமானுக்கு ஜே.சி. ரோடு போங்கள், இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். லாரிகள் புழங்கும் கலாசிபாளையம் பக்கம் பட்டை வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள், தமிழில் பேசியே வேலை முடிக்கலாம். சிவாஜிநகரில் பழைய சாமான் பார்க்கும்போது ஷாக்கிள் தகடு, பிராக்கெட் மாதிரியானவற்றைப் பார்த்து எடுக்கலாம். பழைய ஷாக், பழைய பால் ஜாயின்ட், பழைய யூ போல்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட்டைக் கீழே இறக்கி வையுங்கள், உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள், நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். காலி ரோட்டில் மெதுவாக ஆரம்பித்து பிரேக்கை நாலு முறை அழுத்திப் பாருங்கள், ஹம்ப்பில் சத்தம் கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கின அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்குங்கள், 500-இல் இன்னொரு முறை. முதலில் எழுதி வைத்த அந்த நான்கு அளவையும் அப்போது திரும்ப எடுங்கள். புதுப் பட்டை முதல் சில வாரத்தில் கொஞ்சம் இறங்கும், இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் கவலையில்லை, ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் கட்டு போட்ட பட்டறைக்கே வண்டியைத் திருப்புங்கள்.